கிணத்து மாமா

மார்ச் 3, திங்கள்

இன்று நடுத்தெருவில் பிரேக் போட்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் மிதிக்க என் பக்கம் இரண்டாவதாக ஒரு பிரேக் உண்டு. ஆனால் எதிரே ஆளும் இல்லை, நாயும் இல்லை. பின்னால் வந்த வேன்காரர் ஹார்னிலேயே என் பரம்பரையைத் திட்டித் தீர்த்தார்.

ஓட்டிக்கொண்டிருந்த நர்ஸ் வெலவெலத்துப் போய்விட்டாள். "நான் என்ன பண்ணேன் மேடம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. இந்தப் பாட்டு... இது என்ன பாட்டு?"

ஏதாவது பாட்டு ஓடினால்தான் அவளுக்குக் கை நடுங்காதாம். அதனால் போனில் மெல்ல வைத்துக்கொள்ள நான்தான் விட்டிருந்தேன். பழைய ராக் பாட்டுத் தொகுப்பு, அதுவாக ஓடுகிறது, பெயரெல்லாம் கவனிப்பதில்லை என்றாள். பாடியது ஒரு பெண். வேகமாக, உச்சத்தில், யாரையோ துரத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனால் பாட்டு எனக்குத் தெரியும். எங்கே மூச்சு வாங்குவார்கள், எங்கே மற்ற வாத்தியமெல்லாம் நின்று பேஸ் கிடார் மட்டும் தனியாக நடந்து வரும் – எல்லாம் தெரியும்.

ஆனால் அது ஒரு ஆம்பிளை பாடுகிற பாட்டு. மெதுவான பாட்டு. முப்பது வருஷமாக எனக்குள் அப்படித்தான் இருக்கிறது.

யாரோ அதை எடுத்து மாற்றிப் பாடியிருக்க வேண்டும். இல்லை, எனக்கு வயதாகிவிட்டதா?

மார்ச் 4

நர்ஸ் பாட்டை அனுப்பிவைத்தாள். பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில், வண்டிச் சாவிகளை மாட்டும் பலகைக்கு அடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். அடுத்த வகுப்புக்கு வந்தவர் கண்ணாடிக் கதவைத் தட்டிய பிறகுதான் தலையைத் தூக்கினேன்.

மாற்றிப் பாடியது அல்ல. இதுதான் முதலில் வந்ததாம். படமும் போட்டிருக்கிறார்கள். ஒல்லிப் பெண், குட்டை முடி, அந்தப் படத்தில் என் மகள் வயதுதான் இருக்கும். வேறு யாரும் இந்தப் பாட்டைப் பாடியதாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் கிணத்து மாமா யார்?

மார்ச் 6

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குப் பதினைந்து வயது. அண்ணன் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் வந்து சேர்ந்தது. அப்பாவின் அலுவலகத்தில் கூட்டங்களைப் பதிவு செய்ய வைத்திருந்ததாம், ஓடாமல் போனதால் ஒதுக்கிவிட்டார்கள். அண்ணன் அதைக் கழற்றிக் கொட்டி, ஏதேதோ செய்து ஓடவைத்தான். என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. ஓடியது, எனக்கு அது போதும்.

போட்டுக் கேட்க எங்களிடம் கேசட்தான் இல்லை. ஒரு வாரம் கழித்து அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தான். மேலே ஒரு எழுத்தும் இல்லை. யாரோ பதிவு செய்த நகலின் நகல். "இதுக்குப் பேரு ராக். சத்தம் போடாம கேக்கணும்" என்றான். ராக்கைச் சத்தமில்லாமல் எப்படிக் கேட்பது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

எங்கள் அறையில் இரண்டு கட்டில், நடுவில் இரும்பு பீரோ. டேப் ரெக்கார்டரை பீரோ மேல் வைத்திருந்தான். பாட்டு தொடங்கியதும் பீரோக் கதவு அதிர்ந்தது. கதவில் பதித்த கண்ணாடியும் அதிர்ந்தது, அதற்குள் என் முகமும். எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. பயமாக இருந்தது. சிரிப்பு வந்தது. வயிற்றுக்குள் யாரோ மேசையை இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. யாரோ ஒருவர், அவசரமே இல்லாமல், ஆழத்திலிருந்து தன் துக்கத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "கிணத்துக்குள்ள நின்னு பாடுறாரு" என்றேன். அன்றிலிருந்து அவர் கிணத்து மாமா.

அப்பா மதியத் தூக்கம் கலைந்து வந்து நின்றார். "இது பாட்டா, தகராறா?"

பின்னாலேயே அம்மா. "பாவம், யாருக்கோ உடம்பு முடியல போல. இந்த முனகு முனகுறாரு."

அண்ணனும் நானும் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு சிரித்திருக்கிறோமா?

ஆக, நான் கனவு காணவில்லை. அப்பா கேட்டார், அம்மா கேட்டாள். நாலு பேரும் கேட்டது ஆண் குரல்தான்.

மார்ச் 8

அந்தப் பாட்டில் எனக்குக் குரலைவிடப் பிடித்தது குரலுக்கு அடியில் ஓடிய ஒன்று. பீரோவை அதிரவைத்தது அதுதான். அண்ணனிடம் கேட்டேன். "அது பேஸ் கிடார். நாலே தந்தி. அதை எவனும் கவனிக்க மாட்டான்." எவனும் கவனிக்காததை நான் கவனித்துவிட்டேன் என்று ஒரே பெருமை எனக்கு.

அடுத்த வருஷம் அண்ணனின் நண்பன் ஒருவன் வெளியூர் வேலைக்குப் போனபோது அவனுடைய பேஸ் கிடாரை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கேசட்தான் எனக்கு வாத்தியார். கேசட்டில் கேட்கிற ஒலி வரும்வரை தந்தியை முறுக்குவேன், அப்புறம் கூடவே வாசிப்பேன். தப்பினால் திருப்பி ஓட்டுவேன். விரல் நுனி காய்த்துப் போனது. கடைசியில் கேசட்டை நிறுத்திவிட்டு வாசித்தாலும் கிணத்து மாமா என் தலைக்குள் சரியான இடத்தில் பாட ஆரம்பிப்பார்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வருஷம் இப்படி. அண்ணனுக்கு அதற்குள் வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை சனிக்கிழமைதான் வருவான்.

மார்ச் 9, ஞாயிறு

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

கல்லூரியில் ஒரு இசைக்குழு இருந்தது. பேஸ் வாசிக்க ஆள் வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். குழுவின் தலைவனை எல்லாரும் சீப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பேசும்போதும் தலையை வாரிக்கொண்டேயிருப்பான்.

நான் ஒரு தந்தியைத் தட்டினேன். கீபோர்டு வாசிப்பவன் முகத்தைச் சுளித்தான். "எல்லாமே கீழ இருக்கே." அவர்களே பிடுங்கித் தந்திகளை இறுக்கிச் சுருதியை ஏற்றிக் கொடுத்தார்கள். ஏற்றியதும் எனக்கு எல்லாம் அந்நியமாகிவிட்டது. வீட்டில் யாரோ சாமான்களை இடம் மாற்றி வைத்த மாதிரி, கை போன இடத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த பாட்டு அவர்களில் யாருக்கும் தெரியாது. அவர்கள் வாசித்ததோ எனக்கு ஓட்டமாக ஓடியது. நான் பின்னாலேயே இழுத்துக்கொண்டிருந்தேன். "வேகமா வா, வேகமா வா" என்று டிரம்ஸ்காரன் கத்தினான்.

சீப்பு கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தைத்தது. "தப்பா நினைக்காத. உனக்குக் காது இல்ல. கை வேணா பழகிக்கலாம், காது பொறப்புல வரணும்."

வீட்டுக்கு வந்து கிடாரைச் சுவரோரம் சாத்தினேன். அடுத்த சனிக்கிழமை அண்ணனிடம், "இதை உன் ஃப்ரெண்டுகிட்டயே கொடுத்துடு, எனக்கு வேணாம்" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த மாதிரிப் பாட்டு எங்கே கேட்டாலும் எழுந்து போய்விடுவேன்.

மார்ச் 10

என் பிள்ளைக்கு நான் தாலாட்டுப் பாடியதில்லை.

மார்ச் 13

நேற்று எழுதிய ஒரு வரியோடு – இல்லை, அது திங்கட்கிழமை – மனசு அங்கேயே நிற்கிறது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அழுதால் என்னவரிடம் கொடுத்துவிடுவேன். "நீங்க பாடுங்க. நான் பாடினா இதோட காதும் கெட்டுப்போயிடும்." வீட்டில் இது நிரந்தர வேடிக்கை. பிறந்தநாளுக்கு எல்லாரும் பாடும்போது நான் கை மட்டும் தட்டுவேன். மகள்கூட, "அம்மாவுக்குத்தான் காது இல்லையே" என்று இப்போதும் போனில் கேலி பேசுவாள். நானும் சிரிப்பேன்.

இன்று வகுப்பு முடிந்ததும் நர்ஸ் சொன்னாள்: "போன்லயே வேகத்தைக் குறைச்சுக் கேக்கலாம் மேடம்." குறைத்துக் காட்டினாள். மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் பாடியது அதே பெண்தான், தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி. கிணத்து மாமா வரவில்லை. எனக்கிருந்த ஒரே யோசனையும் சப்பென்று போயிற்று.

என்னவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. எதையும் நிதானமாகத்தான் கேட்பார். இன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கிடார், சீப்பு எல்லாம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம்.

"நீ கிடார் வாசிப்பியா?" வாயில் ஈ போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"வாசிக்க வரலன்னுதானே சொல்லிட்டிருக்கேன்!"

"சரி சரி. உங்க அண்ணன்கிட்ட கேட்டியா? அந்த மிஷின்ல கை வச்சது அவருதானே?"

இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 16, ஞாயிறு

அண்ணனிடம் பேசினேன். அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

"அண்ணா, கிணத்து மாமாவை ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? அப்பா தகராறான்னு கேட்டாரே!"

"அது மாமா இல்லண்ணா. பொண்ணு. பாட்டும் மெதுவான பாட்டு இல்ல."

"ஆமா. அது எனக்குத் தெரியுமே."

அவனே பேசிக்கொண்டு போனான், மழை பெய்ததைச் சொல்வது போல. "அதுல டேப்பைச் சுத்தவைக்கிற ரப்பர் பெல்ட் அறுந்து கிடந்தது. கடையில கிடைக்கல. என் சைக்கிள் டியூப் கிழிஞ்சு கிடந்துச்சு, அதுல ஒரு வளையம் வெட்டி மாட்டினேன். தொளதொளன்னு இருந்துச்சு. வழுக்கி வழுக்கி மெதுவா ஓடும். இந்தக் காலத்துப் போன் மாதிரி இல்ல, டேப் மெதுவா ஓடினா குரலும் சேர்ந்து இறங்கிடும். அப்புறம் வேலைக்குப் போன ஊர்ல ஒருத்தன் ரூம்ல சரியான வேகத்துல கேட்டேன். நம்ம மாமா பாவாடை கட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு, விழுந்து விழுந்து சிரிச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? உனக்குத் தெரியும்னு நினைச்சேன். பெல்ட் தளர்ந்தா மெதுவாத்தானே ஓடும்?"

போனை வைத்துவிட்டேன். இணைப்பை நான் வெட்டினேனா, தானாக வெட்டுப்பட்டதா என்று அவன் யோசிக்கட்டும்.

மார்ச் 17

ஒரு சைக்கிள் டியூப். ஒரு கிழிந்த சைக்கிள் டியூப்!

மார்ச் 19

கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. அண்ணன் மேலா? அவன் ஓடாததை ஓடவைத்தான். அவன் இல்லாவிட்டால் எனக்கு அந்தப் பாட்டே இல்லை. சீப்பு மேலா? அவன் கேட்டதைத்தான் சொன்னான், உண்மையிலேயே கீழேதான் இருந்தது. அப்போ நான்? நானும் கேட்டதைத்தானே வாசித்தேன்!

இன்று நர்ஸ் பெரிய சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தாள். வழக்கமாக நான், "வேகம் போதாது, இன்னும் மிதிங்க" என்று விரட்டுவேன். இன்று வாய் வரவில்லை. அவளே திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், நான் சரியாத்தான் போறேனா?"

"நீங்க எந்த வேகத்துல போறதா நினைக்கிறீங்க?"

அவள் சொன்ன வேகம் உண்மையானதைவிட எங்கேயோ அதிகமாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன். அவள் இருக்கையில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்கின் மேல்பாதி வேகமுள்ளை மறைக்கிறது. இத்தனை நாள் அவள் ஒரு குத்துமதிப்பில் ஓட்டியிருக்கிறாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இருக்கையை உயர்த்தினேன். பிறகு அவளை ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வண்டியை நிறுத்தியபின் கொஞ்ச நேரம் எனக்கு அழுகை வந்தது. அவள் பையிலிருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ்தானே.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் வந்தான். சொல்லாமல் கொள்ளாமல், பஸ்ஸில், மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு. பரணில் கிடந்ததாம். கேசட்டும் உள்ளேயே இருந்தது. என்னவர் அவனை வரவேற்றுத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிச் சாமர்த்தியமாக வெளியே போய்விட்டார்.

அண்ணன் சோபாவில் உட்காரவில்லை. தரையில் செய்தித்தாளை விரித்து மிஷினைத் திறந்தான். பழைய ரப்பர் வளையம் காய்ந்து நாலு துண்டாகக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, நகம் அகலம்கூட இல்லை.

"சொல்லு" என்றான். நான் சொன்னேன். கேசட்டை வைத்துத் தந்தி முறுக்கியது, கல்லூரி, கீபோர்டு, சீப்பு சொன்னது, தாலாட்டு. அவன் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றுவிட்டது.

"அதை வச்சா நீ சுருதி சேர்த்த?"

"வேற எதை வச்சு சேர்ப்பேன்?"

"உனக்குச் சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது, அந்த வயசுல அப்படித்தானேன்னு..." ஸ்க்ரூ டிரைவரைத் தாளின் மேல் வைத்தான். "நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

இரண்டு பேரும் அந்த ரப்பர் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது?

வரும் வழியில் சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி வந்திருந்தான். என் துணி வெட்டும் கத்தரிக்கோலால் ஒரு வளையம் வெட்டி மாட்டினான். இறுக்கமாகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் அந்த ஒல்லிப் பெண் ஓடிவந்தாள், நர்ஸின் போனில் வந்த அதே பெண். இன்னொன்று வெட்டினான், கொஞ்சம் பெரிதாக. மாட்டினான். தொளதொளவென்று இருந்தது.

மாமா வந்தார்.

கிணற்றுக்குள்ளிருந்து, அவசரமே இல்லாமல். அடியில் அந்த நாலு தந்தி. பீரோ இல்லை, ஆனால் மேசையில் இருந்த தம்ளர் அதிர்ந்தது. என் இடது கை முழங்கால் மேல் தானாக விரல் போட்டது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். கையை மறைத்துக்கொண்டேன்.

"எது வேணும் உனக்கு?" என்றான், இரண்டு வளையத்தையும் காட்டி. நான் நேசித்தது ஒரு பெண்ணின் பாட்டையா, இல்லாத ஒரு ஆளையா? அவள் சந்தோஷமாகப் பாடியிருக்கிறாள். நான் அதைத் துக்கமாகக் கேட்டு, அந்தத் துக்கத்தில்தான் வளர்ந்தேன். அது பொய் என்றால் நான் எங்கிருந்து வந்தேன்?

இரண்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அந்தக் கிடாரை நான் கொடுத்திருக்கக் கூடாது" என்றான். "நான்தானே கொடுக்கச் சொன்னேன்" என்றேன். சமாதானமா, இல்லையா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பஸ் ஏறியதும் கையாட்டினான்.

மார்ச் 24

மாமாவோடு கொஞ்ச நேரம்.

மார்ச் 27

என்னவர் சொன்னது: "அளவு தப்பான கண்ணாடியைப் போட்டு நடந்திருக்க. அதுக்காகக் கண்ணே இல்லைன்னு சொல்லிட முடியுமா?"

நன்றாகத்தான் இருக்கிறது கேட்க. ஆனால் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால்தானே கண் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்? காது இல்லை என்பது முப்பது வருஷமாக எனக்கு ஒரு சௌகரியமும்கூட. எதையும் முயற்சி செய்ய வேண்டாம். டேப்பும் மெதுவாக ஓடியிருக்கலாம், எனக்கும் காது இல்லாமல் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடாதா என்ன? அதை நினைத்தால்தான் பயம். பழி போட ஒரு ரப்பர் வளையம்கூட மிஞ்சாது.

மார்ச் 31

நர்ஸ் சோதனையில் தேறிவிட்டாள். வேகத்தில் குறையே இல்லை என்றாராம் அதிகாரி. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உங்களாலதான் மேடம்" என்றாள். இருக்கையால்தான் என்றேன்.

ஏப்ரல் 5, சனி

வாத்தியக் கடைக்குப் போனேன். வாங்குவதற்காக இல்லை, சும்மா பார்க்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த கடைக்காரர், யாருக்கு என்று கேட்டார். மகனுக்கா, மகளுக்கா?

"எனக்கு."

சுவரிலிருந்து ஒரு பேஸ் கிடாரை இறக்கினார். நான் நினைத்திருந்ததைவிடக் கனம். மடியில் வைத்ததும் உடம்பு அடையாளம் கண்டுகொண்டது, எனக்கு முன்னால்.

"தந்தியெல்லாம் தளர்த்தி வச்சிருக்கு. குடுங்க, சுருதி சேர்த்துத் தரேன்."

"நான் சேர்க்கட்டுமா?" வாயிலிருந்து வந்துவிட்டது.

"சேருங்களேன்." ஒரு வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கட்டில், இரும்பு பீரோ, அதிரும் கண்ணாடி. முறுக்கினேன், தட்டினேன், முறுக்கினேன். நாலாவது தந்தி நின்ற இடத்தில் மாமா பாட ஆரம்பித்தார். கையை எடுத்துவிட்டேன்.

கடைக்காரர் திரும்பி வந்து கிடாரின் தலையில் சுருதி காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கவ்வ வைத்தார். ஒரு தந்தியைத் தட்டினார். இன்னொன்று. நெற்றியைச் சுருக்கினார்.

"எல்லாமே கீழ இருக்கே."

அதே வார்த்தை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று கிடாரின் கழுத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

"இருங்க, இருங்க." மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நாலும் ஒரே அளவு கீழ இருக்கு. ஒண்ணுக்கொண்ணு மயிரிழை பிசகல. எதை வச்சுச் சேர்த்தீங்க?"

"ஞாபகத்துல."

"வெறும் காதாலயா?" என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நல்ல காதும்மா உங்களுக்கு. சரி, குடுங்க, எல்லாத்தையும் மேல ஏத்தித் தரேன்."

நான் கொடுக்கவில்லை.

"வேணாங்க" என்றேன். "நானே ஏத்திக்கறேன்."